ஃபைப்ரிலின்-1, மார்ஃபான் நோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண், இதயம், எலும்பு எனப் பல இடங்களைப் பாதிக்கும் மரபணு நோயான மார்ஃபானின் பெயரை மருத்துவர் சொன்னதும் வீட்டில் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறோம். மருந்தின் அளவுகள் விவரம் தெரிந்துகொள்வதற்கு மட்டும். உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்ததை இதைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

ஃபைப்ரிலின்னா என்ன? கேள்விப்பட்டதே இல்லையே.

நம் செல்களைச் சுற்றி, செல்களுக்கு வெளியே, புரதங்களால் ஆன ஒரு பின்னல் இருக்கிறது. கொலாஜன், எலாஸ்டின் எல்லாம் அதில் அடக்கம். ஃபைப்ரிலின்-1 அதே கூட்டத்தைச் சேர்ந்தது. செல் இதைத் தயாரித்து வெளியே அனுப்புகிறது. வெளியே வந்த மூலக்கூறுகள் தலையும் வாலுமாகச் சேர்ந்து 10 முதல் 12 நானோமீட்டர் தடிமனுள்ள நுண்ணிழைகளாகின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் நூலில் கோத்த மணிகள் போலத் தெரியும். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே 50 முதல் 60 நானோமீட்டர் வரை இருக்கும்.

1986-இல் லின் சகாயும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் இந்தப் புரதத்தை அடையாளம் கண்டார்கள். இதற்கான மரபணு 15-ஆவது குரோமோசோமில் இருக்கிறது, பெயர் எஃப்பிஎன்1. அது பழுதானால் மார்ஃபான் வருகிறது என்பது 1991-இல் உறுதியானது. நோயை முதலில் விவரித்தவர் பிரெஞ்சுக் குழந்தை மருத்துவர் அந்துவான் மார்ஃபான், 1896-இல். அவர் பார்த்த ஐந்து வயதுச் சிறுமிக்கு இருந்தது இந்த நோய்தானா என்பதே சந்தேகம். ஃபைப்ரிலின்-2 கெட்டு வரும் இன்னொரு நோயாக இருக்கலாம் என்று இன்று பலர் கருதுகிறார்கள்.

ஒரே ஒரு புரதம் கெட்டுப்போனா கண்ணு, இதயம், எலும்புன்னு இத்தனை இடத்துல எப்படிப் பிரச்சினை வரும்?

இந்த நுண்ணிழை இருக்கும் இடங்களைப் பார்த்தால் புரியும். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவர், கண் லென்ஸை நாற்புறமும் இழுத்துப் பிடித்திருக்கும் மெல்லிய நார்கள், எலும்பை மூடியிருக்கும் உறை, நுரையீரல், தோல், தண்டுவடத்தைச் சுற்றிய உறை. நோய் காட்டும் இடங்களும் இவைதான்.

புரதத்தின் அமைப்பும் இதில் பங்கு வகிக்கிறது. 2,871 அமினோ அமிலங்கள் கொண்ட நீளமான சங்கிலி இது. அதில் ஒரே மாதிரியான சிறு மடிப்புகள் 47 இருக்கின்றன. அவற்றில் 43 கால்சியத்தைப் பிடித்து விறைப்பாக நிற்பவை. ஒவ்வொரு மடிப்பிலும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் ஆறு இரண்டிரண்டாகக் கைகோத்து மூன்று பூட்டுப் போடுகின்றன. மரபணுவில் ஓர் எழுத்து மாறி ஒரு சிஸ்டீன் போனால், அதன் ஜோடி தனியாக நிற்கும், அந்த மடிப்பே குலையும். இன்னொரு பெற்றோரிடமிருந்து வந்த நல்ல மரபணுப் பிரதி சரியாகத்தான் வேலை செய்துகொண்டிருக்கும். ஆனால் நல்லதும் கெட்டதும் ஒரே இழையில் கலப்பதால் இழை மொத்தமும் பலவீனமாகிவிடுகிறது. சிலருக்கு வேறு விதம்: கெட்ட பிரதியிலிருந்து புரதமே வராது, இழை அளவில் பாதியாகிவிடும்.

அப்போ இது வெறும் கயிறு அறுந்த கதைதானா?

நீண்ட காலம் அப்படித்தான் நினைத்தார்கள். பெருந்தமனி ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறை விரிந்து சுருங்குகிறது. எலாஸ்டின் தகடுகளைச் செல்களோடு பிணைக்கும் நுண்ணிழை பலவீனமானால் சுவர் தளரும். இது உண்மைதான். ஆனால் டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிச் சமிக்ஞையைச் செயலற்ற நிலையில் பிடித்துவைப்பதும் ஃபைப்ரிலின் இழைகள்தான். இழை கெட்டால் சமிக்ஞை கட்டுப்பாடில்லாமல் வெளியேறும். 2003-இல் எலிகளின் நுரையீரலில் இதைக் காட்டினார்கள். 2006-இல் லோசார்டான் என்ற ரத்த அழுத்த மருந்து கொடுத்த மார்ஃபான் எலிகளுக்குப் பெருந்தமனி விரிவடைவது நின்றதும் பெரிய பரபரப்பு ஏற்பட்டது.

அந்தப் பரபரப்பை இன்று கொஞ்சம் அடக்கித்தான் வாசிக்க வேண்டும். எலிகளுக்கு மிக இளம் வயதிலேயே டிஜிஎஃப்-பீட்டாவைத் தடுத்தபோது நோய் மோசமானது. பிறகு தடுத்தபோது பலன் தந்தது. சமிக்ஞை நல்லதா கெட்டதா என்பது காலத்தைப் பொறுத்தது. மனிதர்களில் லோசார்டான் என்ன செய்தது என்பதைக் கீழே மருந்துக் கேள்வியில் பாருங்கள்.

எங்க வம்சத்துலயே யாருக்கும் இல்லையே, எங்க பிள்ளைக்கு மட்டும் எப்படி?

ஏறக்குறைய 5,000 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. அவர்களில் நான்கில் ஒரு பங்கினருக்குப் பெற்றோரிடம் இல்லாத புதிய மாற்றம் முதன்முறையாகத் தோன்றியிருக்கும். மீதிப் பேருக்கு அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்தது. நோயுள்ளவரின் ஒவ்வொரு குழந்தைக்கும், ஆணோ பெண்ணோ, 50 சதவீத வாய்ப்பு.

‘யாருக்கும் இல்லை’ என்று சொல்வதற்கு முன் ஒன்று பார்த்துவிடுங்கள். மரபணு மாற்றம் இருந்தால் நோய் ஏதாவது ஓர் அளவில் வெளிப்படும், ஆனால் ஒரே குடும்பத்திலேயே ஒருவருக்கு லேசாகவும் இன்னொருவருக்குக் கடுமையாகவும் இருக்கும். ‘சித்தப்பா நாற்பது வயசுல நெஞ்சடைச்சு திடீர்னு போயிட்டார்’ என்று சொல்லப்படும் மரணங்களில் சில பெருந்தமனிக் கிழிசலாக இருந்திருக்கக்கூடும். அதனால் பெற்றோர் இருவருக்கும், உடன்பிறந்தவர்களுக்கும் ஒருமுறையாவது எக்கோ என்ற இதய ஸ்கேனும் கண் பரிசோதனையும் எடுத்தே ஆக வேண்டும்.

சொந்தத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டோம். அதனாலதான் வந்துச்சா?

இல்லை. மார்ஃபானுக்கு ஒரு பிரதி கெட்டாலே போதும். உறவுமுறைத் திருமணம் அதைக் கூட்டுவதில்லை. அத்தை மகளையோ மாமன் மகனையோ கட்டியதற்காக யாரும் குற்ற உணர்வில் இருக்க வேண்டாம்.

ஆனால் மார்ஃபானைப் போலவே தோற்றம் தரும் ஹோமோசிஸ்டினூரியா என்ற நோய் உண்டு. அதற்கு இரண்டு பிரதியும் கெட வேண்டும், ஆகவே சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகம். உயரம், நீண்ட விரல், லென்ஸ் நகர்வு எல்லாம் அதிலும் இருக்கும். கூடவே ரத்தக் கட்டிகள் உருவாகலாம், சிலருக்கு அறிவு வளர்ச்சி தாமதப்படும். ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் அளவு பார்த்தால் தெரிந்துவிடும். சிகிச்சை முற்றிலும் வேறு, சிலருக்கு வைட்டமின் பி6 மட்டுமே நல்ல பலன் தரும். லென்ஸ் நகர்ந்த எந்தக் குழந்தைக்கும் இந்த ஒரு ரத்தப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

பையன் ஒல்லியா, உயரமா இருக்கான், விரலெல்லாம் நீளம். இதுதானா?

பெரும்பாலும் இல்லை. உயரமான, ஒல்லியான பிள்ளைகள் ஏராளம். இருந்தாலும் வீட்டிலேயே மூன்றைப் பார்க்கலாம். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மற்ற விரல்களால் மூடச் சொல்லுங்கள். கட்டைவிரலின் நகம் உள்ள கணு முழுவதும் சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டினால் ஒரு குறி. ஒரு கையால் இன்னொரு கையின் மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கும்போது கட்டைவிரல் நுனி சுண்டுவிரல் நகத்தை முழுவதும் மூடினால் இன்னொரு குறி. இரு கைகளையும் விரித்து நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனி வரை அளந்து உயரத்தால் வகுத்தால் 1.05-ஐத் தாண்டுவது மூன்றாவது. முதுகு அதிகம் வளைந்திருந்தால் உயர அளவே குறைவாக வரும், கணக்கு ஏமாற்றும்.

மருத்துவர்கள் இவற்றையெல்லாம் சேர்த்து 20-க்கு மதிப்பெண் போடுகிறார்கள். 2010-இல் திருத்தப்பட்ட கென்ட் அளவுகோல் அது. மணிக்கட்டு, கட்டைவிரல் குறிகள் இரண்டும் இருந்தால் 3. நெஞ்செலும்பு முன்னால் புடைத்திருந்தால் 2, உள்ளே குழிந்திருந்தால் 1. தட்டைப் பாதம் மட்டும் என்றால் 1, குதிகால் வளைந்திருந்தால் 2. நுரையீரலில் தானாகக் காற்றுக் கசிந்திருந்தால் 2. மூன்று டயாப்டருக்கு மேல் கிட்டப்பார்வை இருந்தால் 1. மொத்தம் 7 வந்தால்தான் அது கணக்கில் எடுக்கப்படும். 7 வந்தாலும் அது மட்டும் போதாது, கூடவே பெருந்தமனி விரிந்திருக்க வேண்டும், அல்லது குடும்பத்தில் உறுதியான மார்ஃபான் இருக்க வேண்டும். பெருந்தமனி விரிவும் லென்ஸ் நகர்வும் சேர்ந்திருந்தால் மதிப்பெண்ணே தேவையில்லை.

கண் டாக்டர்தான் முதல்ல சந்தேகப்பட்டு இதய டாக்டர்கிட்ட அனுப்பினார். லென்ஸுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

லென்ஸைத் தாங்கும் நார்கள் கிட்டத்தட்ட முழுக்க ஃபைப்ரிலின் நுண்ணிழைகள்தான். அவை தளர்ந்தால் லென்ஸ் இடம் மாறும், மார்ஃபானில் பெரும்பாலும் மேல்நோக்கி. ஹோமோசிஸ்டினூரியாவில் பொதுவாகக் கீழ்நோக்கி. மார்ஃபான் உள்ளவர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்கு இது உண்டு. கண்பாவையைச் சொட்டு மருந்தால் விரித்து, ஸ்லிட் லாம்ப் என்ற கருவியில் பார்த்தால்தான் சிறு நகர்வு தெரியும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதில் இது பிடிபடாது.

நகர்ந்தவுடன் அறுவை செய்ய வேண்டும் என்றில்லை. கண்ணாடியில் பார்வை சரியாகும்வரை அதுவே நல்லது. லேசிக் என்ற லேசர் அறுவை இதற்குப் பொருந்தாது. கோளாறு லென்ஸ் இருக்கும் இடத்தில், லேசிக் சீவுவதோ கருவிழியை. விழித்திரை கழன்றுவிடும் அபாயமும் கூடுதல்: திடீரென்று மின்னல் மாதிரி ஒளி, கரும்புள்ளிக் கூட்டம், ஓரத்தில் திரை இறங்குவது போன்ற நிழல் தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எக்கோ ரிப்போர்ட்ல ‘நார்மல்’னு போட்டிருக்கு. போதுமா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். மார்ஃபானில் உயிரைப் பறிப்பது பெருந்தமனியின் அடிப்பகுதி விரிந்து கிழிவது. அந்த விரிவு இதயத்திலிருந்து குழாய் கிளம்பும் முதல் சில சென்டிமீட்டரில், வால்வுக்குச் சற்று மேலே, ‘சைனஸ் ஆஃப் வல்சால்வா’ என்று சொல்லும் இடத்தில் தொடங்குகிறது. வழக்கமான எக்கோ, இதயம் சரியாகச் சுருங்குகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கும். மார்ஃபான் சந்தேகத்துக்கு எடுக்கிறோம் என்று சீட்டில் எழுதியிருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் நான்கு இடங்களின் அளவு மி.மீ.யில் இருக்க வேண்டும்: வால்வு வளையம், சைனஸ், அதற்கு மேல் குழாய் ஒடுங்கும் சந்திப்பு, ஏறும் பெருந்தமனி.

குழந்தைகளுக்கு மி.மீ. மட்டும் போதாது. வளரும் பிள்ளைக்கு 30 மி.மீ. அதிகமா இல்லையா என்பது உடல் பரப்பைப் பொறுத்தது. அதற்குத்தான் இசட் மதிப்பு. அதே உடல்வாகுள்ள பிள்ளைகளின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அது சொல்லும். 2-ஐத் தாண்டினால் விரிவு. உயரமும் எடையும் அன்றைக்கே அளந்ததாக இருக்க வேண்டும். போன வருடத்து உயரத்தை எழுதினால் இசட் மதிப்பு வீணாகக் கூடிக் காட்டும்.

இன்னொரு சிக்கல்: சுவரின் வெளி விளிம்பைச் சேர்த்து அளப்பதா, உட்புறத்தை மட்டும் அளப்பதா, இதயம் சுருங்கும்போதா விரியும்போதா என்பதில் முறைகள் வேறுபடுகின்றன. இதனாலேயே 2 மி.மீ. வித்தியாசம் வரலாம். ‘ஆறு மாசத்துல 2 மி.மீ. கூடிடுச்சு’ என்று பதறி வருபவர்களில் பலர் இடையில் சென்டர் மாற்றியவர்கள். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுங்கள். படங்களின் பதிவையும் வாங்கி வையுங்கள்; தாள் மட்டும் இருந்தால் திரும்ப அளந்து பார்க்க வழியில்லை.

எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை எக்கோ?

கண்டறிந்தபோது ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று. அளவு நிலையாக இருந்தால் பிறகு ஆண்டுக்கு ஒன்று. 4.5 செ.மீ.யை நெருங்கினாலோ, வேகமாகக் கூடினாலோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எக்கோவில் பெருந்தமனி முழுவதும் தெரியாது என்பதால் பெரியவர்களுக்கு ஆரம்பத்திலும் பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எம்ஆர்ஐ அல்லது சிடி எடுப்பார்கள்.

பிபி நார்மலாத்தான் இருக்கு. அப்புறம் எதுக்கு பிபி மாத்திரை?

ரத்த அழுத்தத்தைக் குறைப்பது மட்டும் இதன் நோக்கமல்ல. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் எவ்வளவு வேகத்தில் சுவரில் மோதுகிறது என்பதைக் குறைக்கவே பீட்டா பிளாக்கர். அழுத்தம் 110/70 இருப்பவருக்கும் இது தேவை.

அடினோலாலா, லோசார்டானா? எது நல்லது?

1994-இல் வெளியான ஆய்வில் 70 பேர் இருந்தார்கள். ப்ரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர் எடுத்தவர்களுக்குப் பெருந்தமனி மெதுவாக விரிந்தது. அதிலிருந்து பீட்டா பிளாக்கர் வழக்கமானது. மேலே சொன்ன எலி ஆய்வுக்குப் பிறகு, 6 மாதக் குழந்தையிலிருந்து 25 வயதுவரை 608 பேரை வைத்து அடினோலால் என்ற பீட்டா பிளாக்கரையும் லோசார்டானையும் மூன்றாண்டு ஒப்பிட்டார்கள். 2014-இல் வந்த முடிவு: இரண்டுக்கும் வித்தியாசமில்லை. லோசார்டான் தோற்றுவிட்டது என்று இதைப் படிப்பது தவறு. அந்த ஆய்வில் அடினோலால் வழக்கத்தைவிட அதிகமாக, நாடித்துடிப்பைப் பார்த்துக் கிலோவுக்கு 4 மி.கி. வரை ஏற்றப்பட்டது. லோசார்டான் கிலோவுக்கு 1.4 மி.கி.யோடு நின்றது.

2019-இல் பிரிட்டனில் 192 பேரிடம் இர்பசார்டானைச் சோதித்தார்கள். பலர் ஏற்கெனவே பீட்டா பிளாக்கரில் இருந்தவர்கள். ஆண்டுக்குப் பெருந்தமனி விரிந்த அளவு மருந்து எடுத்தவர்களுக்கு 0.53 மி.மீ., வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 0.74 மி.மீ. 2022-இல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, சார்டான் வகை மருந்துகள் இசட் மதிப்பு கூடும் வேகத்தை ஏறக்குறையப் பாதியாக்கின. இரண்டு வகையும் சேர்ந்தால் பலனும் சேர்கிறது என்பதே இன்றைய புரிதல். பலர் இரண்டையும் எடுப்பது அதனால்தான்.

நடைமுறையில் தடுக்குவது இங்கே: வீசிங் உள்ளவர்களுக்குப் பீட்டா பிளாக்கர் ஆகாது, மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அதைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு எகிறும், ஊருக்குப் போகும்போது மாத்திரை மறந்துவிட்டேன் என்ற பேச்சே இருக்கக் கூடாது. சார்டான் எடுப்பவர்களுக்குப் பொட்டாசியமும் கிரியாட்டினினும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

மாத்திரை போட்டா குழாய் பழைய அளவுக்கு வந்துடுமா?

வராது. விரியும் வேகம் குறையும், அறுவை சிகிச்சை தள்ளிப்போகும். அதுவே பெரிய லாபம்.

ஃபைப்ரிலின் கால்சியத்தைப் பிடிக்குதுன்னு சொல்றீங்களே, கால்சியம் மாத்திரை எடுத்தா? கொலாஜன் பவுடர்?

பற்றாக்குறை கால்சியத்தில் இல்லை, அதைப் பிடிக்கும் மடிப்பில் இருக்கிறது. ரத்தத்தில் எவ்வளவு கால்சியம் இருந்தாலும் குலைந்த மடிப்பு சீராகாது. கொலாஜன் பவுடர் வயிற்றில் செரித்து அமினோ அமிலமாகிவிடும். போதாக்குறைக்கு அது வேறு புரதம். அந்தக் காசில் ஓர் எக்கோ எடுக்கலாம்.

சளி, வயித்துப்போக்குக்கு மருந்துக்கடையில கேட்டு மாத்திரை வாங்கலாமா?

கூடாது, அதற்குக் காரணம் இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் என்று ‘ஃப்ளாக்சசின்’ என முடியும் ஆன்டிபயாட்டிக்குகள் பெருந்தமனிக் கிழிசலின் அபாயத்தைக் கூட்டுகின்றன. வேறு மருந்து இருக்கும்போது மார்ஃபான் உள்ளவர்களுக்கு இவற்றைத் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. வயிற்றுப்போக்குக்குக் கடையில் எடுத்துத் தரும் ஆஃப்ளாக்சசின்-ஆர்னிடசோல் கலவையும் இதில் அடக்கம். அட்டையின் முன்பக்கத்தில் கம்பெனி வைத்த பெயர்தான் பெரிதாக இருக்கும். திருப்பி, சிறிய எழுத்தைப் படியுங்கள்.

மூக்கடைப்புக்கான மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபட்ரின், ஃபினைல்எஃப்ரின் இரண்டும் அழுத்தத்தைக் கூட்டுபவை, தவிர்க்கலாம்.

உயரமா இருக்கான்னு வாலிபால் டீம்ல கேக்கறாங்க. விடலாமா?

போட்டி விளையாட்டு வேண்டாம். ஃப்ளோ ஹைமன் அமெரிக்க வாலிபால் அணியின் நட்சத்திரம், 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். 1986 ஜனவரியில் ஜப்பானின் மட்சுயேயில் ஆட்டத்தின் நடுவே மாற்று ஆட்டக்காரருக்கு இடம் விட்டு பெஞ்சில் உட்கார்ந்தவர் சரிந்து இறந்தார், வயது 31. முதலில் மாரடைப்பு என்றார்கள், பிரேதப் பரிசோதனையில்தான் மார்ஃபானும் பெருந்தமனிக் கிழிசலும் தெரிந்தன. அதன் பிறகு அவருடைய சகோதரரைப் பரிசோதித்து, அவருக்கும் விரிவு இருப்பது தெரிந்து அறுவை செய்தார்கள்.

அதற்காகப் பிள்ளையை நாற்காலியில் உட்காரவைக்கவும் வேண்டாம். நடை, மெதுவான சைக்கிள், போட்டியில்லாத நீச்சல் நல்லவை. பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவுதான் எல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் எதுவும் ஆகாது: பளு தூக்குதல், புல்-அப்ஸ், தண்டால், 20 லிட்டர் தண்ணீர்க் கேனைத் தூக்கிக் கவிழ்ப்பது. யோகாவில் தலைகீழ் ஆசனங்களும், மூச்சை அடக்கும் கும்பகமும் வேண்டாம். கபடி போல உடல் மோதும் விளையாட்டு கண்ணுக்கும் ஆபத்து. ஸ்கூபா டைவிங் நுரையீரலுக்கு ஆகாது.

எப்போ ஆபரேஷன்? வால்வை மாத்தியே ஆகணுமா?

பொதுவான எல்லை 5 செ.மீ. குடும்பத்தில் கிழிசல் நடந்திருந்தால், ஆண்டுக்கு 3 மி.மீ.க்கு மேல் தொடர்ந்து கூடினால், வால்வு அதிகம் கசிந்தால், கர்ப்பம் திட்டமிட்டால் 4.5 செ.மீ.யிலேயே செய்வார்கள். வலி வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. விரிவு வலிக்காது, கிழிந்தால்தான் வலிக்கும். திட்டமிட்டுச் செய்யும் அறுவையின் அபாயம் அவசரத்தில் செய்வதைவிடப் பல மடங்கு குறைவு.

1968-இல் வந்த பென்டால் முறையில் குழாயின் அடிப்பகுதியையும் வால்வையும் சேர்த்து மாற்றுவார்கள். உலோக வால்வு நீண்ட காலம் உழைக்கும், ஆனால் ஆயுள் முழுக்க ரத்தம் கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுத்து, ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பார்க்க வேண்டும், பெரும்பாலும் 2 முதல் 3-க்குள். பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாட்டிக் தேவை; பெரியவர்களுக்கு அமாக்சிசிலின் 2 கிராம், 30 முதல் 60 நிமிடம் முன்பு. கனடாவின் டைரோன் டேவிட் வகுத்த முறையில் சொந்த வால்வை வைத்துக்கொண்டு குழாயை மட்டும் மாற்றுவார்கள், வார்ஃபரின் வேண்டாம். வால்வின் இதழ்கள் நன்றாக இருக்க வேண்டும், அந்த முறையில் கை பழகிய அறுவை மருத்துவரும் வேண்டும். வால்வு பிற்காலத்தில் கசியவும் கூடும். இளம் பெண்களுக்கு டேவிட் முறை முடியுமா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். காரணம் கர்ப்பம் பற்றிய பதிலில்.

அறுவைக்குப் பின் நோய் போய்விட்டதாக மாத்திரையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். மாற்றியது சில சென்டிமீட்டர்தான், மீதிக் குழாய் அதே பழைய ஃபைப்ரிலினோடுதான் இருக்கிறது.

நெஞ்சுவலி வந்தா கேஸ் ட்ரபுளா, அதுவான்னு எப்படித் தெரியும்?

வீட்டில் தெரிந்துகொள்ள முடியாது, முயலவும் வேண்டாம். கிழிசலின் வலி நொடியில் உச்சத்துக்குப் போகும், நெஞ்சிலோ முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவிலோ கிழிப்பது போல இருக்கும், சில சமயம் இறங்கிக்கொண்டே போகும். மயக்கம், ஒரு கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் வரலாம். தமிழ்நாட்டில் 108-ஐ அழையுங்கள்.

போனதும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: ‘இவருக்கு மார்ஃபான், பெருந்தமனி இத்தனை செ.மீ., கிழிசலா என்று சிடி எடுங்கள்.’ இதைச் சொல்லாவிட்டால் மாரடைப்பு என்று நினைத்துக் கட்டி கரைக்கும் ஊசி போட்டுவிடும் ஆபத்து உண்டு; கிழிந்த குழாய்க்கு அது உயிருக்கே ஆபத்து. ஈசிஜி நார்மலாக இருப்பதால் கிழிசல் இல்லை என்றாகாது, மார்பு எக்ஸ்ரேயும் அப்படியே. ஏறும் பெருந்தமனி கிழிந்தால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இறப்பு அபாயம் 1 முதல் 2 சதவீதம் கூடும் என்பது பழைய கணக்கு. கடைசி எக்கோ ரிப்போர்ட்டின் படம் வீட்டில் எல்லோர் போனிலும் இருக்கட்டும்.

ஒரு பக்கம் மட்டும் குத்தி மூச்சுத் திணறினால் நுரையீரலில் காற்றுக் கசிவாக இருக்கலாம். அதற்கும் ஆஸ்பத்திரிதான்.

பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணலாமா? குழந்தை பெத்துக்கலாமா?

பலர் பெற்றுக்கொள்கிறார்கள். முடிவு பெருந்தமனி அளவைப் பொறுத்தது. 4 செ.மீ.க்குள் இருந்தால் அபாயம் குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. 4.5-ஐத் தாண்டினால் முதலில் அறுவை, பிறகு கர்ப்பம். இடைப்பட்ட அளவில் குடும்ப வரலாற்றைப் பார்த்துத்தான் சொல்வார்கள். கடைசி மூன்று மாதமும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களும்தான் அதிக ஆபத்து. குழந்தை பிறந்ததும் எல்லோர் கவனமும் குழந்தை மேல் போய்விடும், தாயின் எக்கோ தவறிப்போகும். அப்படி விடக் கூடாது.

சார்டான் மருந்துகள் கருவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே மாற்ற வேண்டும். பீட்டா பிளாக்கர் தொடரும், ஆனால் அடினோலால் கருவின் வளர்ச்சியைக் குறைக்கக்கூடும் என்பதால் மெட்டோப்ரலால் போன்றதுக்கு மாற்றுவார்கள். வார்ஃபரின் கருவுக்கு ஆபத்து; உலோக வால்வு பற்றி மேலே எச்சரித்தது இதனால்தான். இன்னொன்று மயக்க மருந்து நிபுணருக்குத் தெரிய வேண்டும்: மார்ஃபான் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இடுப்புப் பகுதியில் தண்டுவட உறை பலூன் போல விரிந்திருக்கும். முதுகில் போடும் ஊசி சரியாகப் பரவாமல் போகலாம், ஊசி போட்ட இடத்தில் நீர் கசிந்து கடும் தலைவலி வரலாம். முன்கூட்டியே இடுப்பு எம்ஆர்ஐ இருந்தால் நல்லது.

ஜீன் டெஸ்ட் கட்டாயமா? ரிப்போர்ட்ல ‘முக்கியத்துவம் உறுதியில்லாத மாற்றம்’னு வந்திருக்கே?

அளவுகோலின்படி மார்ஃபான் உறுதியானவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் எஃப்பிஎன்1-இல் மாற்றம் கிடைக்கும். மருந்து தொடங்க டெஸ்ட் கட்டாயமில்லை. ஆனால் குடும்பத்தில் மற்றவர்களைப் பார்க்கவும், கரு நிலையிலேயே சோதிக்கவும் அது வேண்டும். மாற்றம் எங்கே என்பதும் சில சமயம் பேசும்: மரபணுவின் நடுப்பகுதியில், 24 முதல் 32 வரையுள்ள எக்சான்கள் என்ற துண்டுகளில் வரும் சில மாற்றங்கள் பிறந்த குழந்தையிலேயே கடுமையாக வெளிப்படுகின்றன. சிஸ்டீனை மாற்றுபவை லென்ஸை அதிகம் பாதிக்கின்றன.

உறுதியில்லாத மாற்றத்தை ஆம் என்றும் எடுக்க வேண்டாம், இல்லை என்றும் எடுக்க வேண்டாம். பெற்றோர், நோயுள்ள உறவினர்களுக்கு அதே மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தால் தெளிவு வரலாம். அதுவரை எக்கோதான் வழிகாட்டி. ஒருவேளை டிஜிஎஃப்-பீட்டா ஏற்பியின் மரபணுக்களில் மாற்றம் வந்தால் அது லோயிஸ்-டீட்ஸ் நோய். உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருப்பது, இரு கண்களுக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருப்பது, தமனிகள் வளைந்து நெளிவது அதன் அடையாளங்கள். அதில் குழாய் குறைந்த அளவிலேயே கிழியும், அறுவை இன்னும் முன்னதாக வரும்.

ஜீன் பாசிட்டிவ், மதிப்பெண் 5, பெருந்தமனி நார்மல். இருக்கா இல்லையா, ஒண்ணு சொல்லுங்க.

இப்போதைக்கு ‘சாத்தியமுள்ள மார்ஃபான்’ என்பதே சரியான பெயர். குடும்பத்தில் வேறு யாருக்கும் நோய் இல்லாத 20 வயதுக்கு உட்பட்டவர்களை இப்படித்தான் வகைப்படுத்துவார்கள். பிள்ளைக்கு இன்று இல்லாத விரிவு பதினைந்து வயதில் வரலாம், மதிப்பெண்ணும் வளர வளரக் கூடும். ஆண்டுக்கொருமுறை எக்கோ, மேலே சொன்ன விளையாட்டு, மருந்துக் கட்டுப்பாடுகள் எல்லாம் உறுதியானவர்களைப் போலவே.

எத்தனை வயசு வரைக்கும் இருப்பாங்க?

இணையத்தில் 32 என்ற எண் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது 1972-இல் வெளியானது, பென்டால் அறுவை பரவுவதற்கு முந்தைய காலத்து சராசரி இறப்பு வயது. 1995-இல் மறுபடி கணக்கிட்டபோது எதிர்பார்க்கும் ஆயுள் 72 வரை போயிருந்தது. இடையில் மாறியவை அறுவையும், மருந்தும், குழாயை ஒழுங்காக அளப்பதும்தான்.

இதே ஜீன் கெட்டு குள்ளமா இருக்கறவங்களும் உண்டாமே? அது எப்படி?

உண்டு. வைல்-மார்கெசானி நோயின் ஒரு வகை, ஜெலியோஃபிசிக், ஆக்ரோமிக்ரிக் டிஸ்பிளேசியா எல்லாம் எஃப்பிஎன்1 மாற்றத்தாலேயே வருபவை. குட்டையான உடல், குறுகிய விரல், விறைப்பான மூட்டு. ஸ்டிஃப் ஸ்கின் என்ற நோயில் தோலே கல்லாக இறுகிவிடும். இவை புரதத்தின் குறிப்பிட்ட சில பகுதிகளில் வரும் மாற்றங்களால் ஏற்படுகின்றன. ஆக, புரதம் பலவீனமானால் ஒரு நோய், அதே புரதத்தின் ஒரு மூலை மட்டும் வேறுவிதமாக நடந்துகொண்டால் அதற்கு நேரெதிரான நோய். இந்த எதிர்மறையை இன்னும் யாரும் முழுக்க விளக்கி முடிக்கவில்லை.

வால் பகுதிக்குத் தனிக் கதை. ஃபைப்ரிலின் வெளியேறும்போது அதன் வால், 140 அமினோ அமிலங்கள், வெட்டப்பட்டுத் தனியாகிறது. அதைப் பயனற்ற கழிவு என்றே நினைத்திருந்தார்கள். 2016-இல்தான் அது ரத்தத்தில் சுற்றும் ஒரு ஹார்மோன் என்று கண்டு, அஸ்ப்ரோசின் என்று பெயர் வைத்தார்கள். கல்லீரலிலிருந்து குளுக்கோஸை விடுவிக்கச் செய்கிறது. வால் பகுதியில் மாற்றமுள்ள சில குழந்தைகளுக்குத் தோலுக்கடியில் கொழுப்பே சேர்வதில்லை, முகம் முதியவர் போல இருக்கிறது. அவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோதுதான் இந்த ஹார்மோன் பிடிபட்டது.